எட்டாவது தாள்

பையை மேலே வைக்க வேண்டாம் அக்கா. மடியிலேயே இருக்கட்டும். கனமில்லை. உங்களுக்கு இடிக்கிறதென்றால் சொல்லுங்கள், இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

செங்கல்பட்டு வரைக்கும். நீங்கள் தாம்பரமா? அப்படியானால் உங்களுக்கு முன்னால் நான் இறங்கிவிடுவேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேர்க்கடலை வேண்டாம். நிஜமாகவே வேண்டாம் அக்கா. சரி, நாலு கொடுங்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நான்தான் மற்றவர்களைப் பார்த்து இப்படிச் சொல்வேன். என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. நீங்கள் கள்ளக்குறிச்சியில் ஏறும்போது வலது காலைப் படியில் வைத்துவிட்டு இடது காலைக் கையால் பிடித்துத் தூக்கினீர்கள். டிக்கெட் வாங்கியதும் மிச்சச் சில்லறையை எண்ணாமல் பர்ஸில் போட்டீர்கள். மகன் வீட்டுக்குப் போகிறீர்கள், ஆனால் அவர்கள் வரச் சொல்லவில்லை. சரியா? மன்னித்துக்கொள்ளுங்கள். இப்படியெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்வதே கிடையாது. இன்றைக்கு என்னவோ போல இருக்கிறது.

நான் பேசுகிற ஆளே இல்லை அக்கா. பி.எஸ்சி. கணக்குப் படித்தேன், அரசு கலைக் கல்லூரியில். மூன்று வருஷமும் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேர். யமுனா குரல் எப்படி இருக்கும் என்று தெரிய ஒரு மாதம் ஆனது என்று மற்ற ஐந்து பேரும் சொல்லிச் சிரிப்பார்கள். பேசாமல் இருந்தால் தப்பு நடக்காது என்பது என் எண்ணம்.

ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன். சங்கவி. சங்கராபுரத்துக்கு உள்ளே ஒரு கிராமம். கம்பெனி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே லைனில் நின்றோம். சார்ஜர் செய்கிற கம்பெனி. பெயர் எதற்கு, உங்கள் வீட்டிலேயே அவர்கள் சார்ஜர் ஒன்று இருக்கலாம். எங்கள் யாரிடமும் அது கிடையாது. சங்கவியின் சார்ஜர் வயரில் மூன்று இடத்தில் டேப் சுற்றியிருக்கும்.

சங்கவிக்கு மூன்று டோக்கன் நம்பர். இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், மற்றதெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தால் ட்ரெய்னி என்று ஒரு அட்டை கொடுப்பார்கள், அதில் ஒரு நம்பர் இருக்கும். பதினொரு மாதம் ஆனதும் ட்ரெய்னிங் முடிந்தது என்று அட்டையைத் திருப்பிக் கேட்பார்கள். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வரச் சொல்வார்கள். திரும்பி வந்தால் புது அட்டை, புது நம்பர், மறுபடி முதல் நாளிலிருந்து ட்ரெய்னி, வேலை நிரந்தரம் ஆகவே ஆகாது. அதே லைன், அதே நீலக் கோட்டு, நிற்கிற அதே இடம். சங்கவி இப்படி மூன்று முறை சேர்ந்திருக்கிறாள். புதிதாக வருகிற பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதே அவள்தான். சொல்லிக்கொடுப்பவளும் ட்ரெய்னி, கற்றுக்கொள்பவளும் ட்ரெய்னி. அவள் அட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்து, பழைய இரண்டையும் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். “எதுக்குடி?” என்று கேட்டேன். “மூணுலயும் போட்டோ வேற வேற, டீச்சர். பாரு, முதல்ல எவ்ளோ குண்டா இருந்தேன்” என்றாள்.

டீச்சர் என்றால் நான்தான். படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வைத்த பெயர்.

ஆனி மாதம் கம்பெனியில் பத்துக் கோடியாவது சார்ஜர் வந்தது. பெரிய பந்தல் போட்டார்கள். டைரக்டர் வந்து ஆள் உயரக் கேக் வெட்டினார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். அவருக்கு மேல் மூன்று பேர் குடை பிடித்தார்கள், வெயிலே இல்லை. ஆளுக்கு ஒரு லட்டும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள், மூடியில் கம்பெனி முத்திரை. அது நடந்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நூற்று ஐம்பத்தெட்டு டோக்கன். ட்ரெய்னிங் முடிந்தது, இந்த முறை திரும்ப வர வேண்டாம், வேறு பேட்ச் வருகிறது. ஹாஸ்டலை அந்த வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

ஆமாம், என் நம்பரும் இருந்தது. இருந்தது.

யார் முதலில் ரோட்டுக்கு வந்தது என்றால் ரோஸ்லின். சாயல்குடிப் பக்கத்துப் பெண். அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. கேட்டுக்கு வெளியே சர்வீஸ் ரோட்டில் போய் அப்படியே உட்கார்ந்தாள். பின்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த டிபன் பாக்ஸ்தான் எங்களுக்கு மேளம். மூடியைக் கவிழ்த்து ஸ்பூனால் அடிப்போம். “ஒரே ஆளு! மூணு டோக்கனா!” என்று ரோஸ்லின் கத்துவாள், நூற்று ஐம்பது மூடி சேர்ந்து அடிக்கும். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்கள். ஒரு போலீஸ்காரர் வெயிலில் நின்று வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். ரோஸ்லின் அவரைப் பார்த்து, “சார், இங்க நெழலுக்கு வாங்க. நாங்க கடிக்க மாட்டோம், எங்களுக்குப் பல்லு வெளக்கவே தண்ணி இல்ல” என்றாள். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கோஷம் போடவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். மூடியை அடித்தேன், சத்தமில்லாமல்.

இதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் துப்பட்டாவால் முகத்தைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தோம். வெயிலுக்கு இல்லை. டி.வி.க்காரர்கள் வந்திருந்தார்கள். முகம் டி.வி.யில் வந்தால் வீட்டில் தெரிந்துவிடும். யார் வீட்டிலும் சொல்லவில்லை அக்கா. தினமும் சாயங்காலம் ஃபோன் செய்து, ஷிஃப்ட் முடிந்தது, சாப்பிட்டேன் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு மறுபடி முகத்தைக் கட்டிக்கொள்வார்கள். கண்ணை வைத்தே யார் யார் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் ஒரு அதிகாரி வந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எனக்கு அப்போதும் சரியாகத் தெரியாது. ஜீப், டவாலி எல்லாம் இருந்தது. கட்டைவிரலில் பச்சைக்கல் மோதிரம். கட்டைவிரலில் மோதிரம் போட்டு நான் பார்த்ததில்லை, அதனால் நினைவிருக்கிறது. “சும்மா கூட்டமா உக்காந்துருந்தா யாரு என்னன்னு நான் மேல எழுதறது? பேர் லிஸ்ட் குடுங்கம்மா. கலெக்டர் பார்வைக்கு வெக்கிறேன்” என்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

ரோஸ்லின் திரும்பி, “ஏட்டி டீச்சரு, எந்திரி. ஒனக்குத்தான் வேலை” என்றாள்.

அந்த மூன்று நாளில் எனக்கென்று வந்த ஒரே வேலை அது. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் எட்டு முழுத்தாள் வாங்கினேன். ஸ்கேல் இல்லை, டிபன் பாக்ஸ் மூடியின் விளிம்பை வைத்துக் கோடு போட்டேன். ஒரு தாளுக்கு இருபது வரி. வரிசை எண், பெயர், தந்தை பெயர், டோக்கன் எண், ஊர், வீட்டு ஃபோன் எண், கையொப்பம். ஒரு கோடுகூடக் கோணவில்லை.

தந்தை பெயரும் ஃபோன் எண்ணும் அவர் கேட்டாரா என்கிறீர்கள். கேட்கவில்லை. ஆனால் அது இல்லாமல் ஒரு படிவம் உண்டா? ஸ்காலர்ஷிப்புக்கு எழுதினோம், பரீட்சைக்கு எழுதினோம், ஹாஸ்டலில் சோப்பு வாங்க வெளியே போனாலும் அவுட்பாஸ் நோட்டில் தந்தை பெயர் எழுதிவிட்டுத்தான் போவோம். நூற்று ஐம்பது பேரில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. வரிசையில் வந்து நின்று, முகத்தைக் கட்டிக்கொண்டே அப்பா நம்பரை ஒப்பித்தார்கள். கம்பெனியில் கொடுத்திருந்தது அவரவர் நம்பர்தான், அது அடிக்கடி மாறும், ஆஃபர் பார்த்து சிம் மாற்றுவார்கள். அப்பா நம்பர் மட்டும்தான் எல்லோருக்கும் மனப்பாடம்.

சங்கவி மட்டும் கேட்டாள். “அப்பா நம்பர் எதுக்குடி?”

“ஃபார்ம்னா அது இருக்கணும்” என்றேன். அன்றைக்கு அதுவரை நான் வாயைத் திறந்து பேசியது அது ஒன்றுதான். அவள் உடனே சொல்லிவிட்டாள்.

ரோஸ்லினுக்கு அப்பா இல்லை. அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். ஃபோன் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

என் பெயரா? தாள் முடிந்துவிட்டது அக்கா. எழுதுகிறவர் கடைசியில்தானே எழுதுவார். ஒரு ஆளுக்காக இன்னொரு தாளா என்று விட்டுவிட்டேன்.

அந்த அதிகாரி வாங்கிப் பார்த்தார். “யாரு எழுதினது? அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. காலேஜில்கூட யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஒவ்வொரு தாளையும் ஜீப் பானட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபோனில் படம் எடுத்தார். எடுத்ததும் ஒன்றொன்றாக அனுப்பினார். அனுப்பும்போது ஒரு சத்தம் வருமே, அது எட்டு முறை கேட்டது. கலெக்டர் ஆபீஸுக்கு உடனே போகிறது என்று நினைத்தேன். ரோஸ்லினிடம் போய் மெதுவாகச் சொல்லக்கூடச் செய்தேன். அவள் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஃபோன். இங்கே இல்லை, ஊரில். ஒவ்வொரு வீட்டுக்கும். உங்க பொண்ணு நாலு நாளா ரோட்ல கெடக்குது, ஆம்பளப் பசங்களும் அங்கதான் இருக்காங்க, இன்னிக்குப் போலீஸ் அள்ளிட்டுப் போகப்போவுது, கேஸ் ஆச்சுன்னா அப்புறம் யாரு கட்டுவான்னு நீங்களே யோசிச்சுக்குங்க. எல்லா வீட்டுக்கும் இதே வார்த்தை. ஆம்பளைப் பசங்கள் என்று அங்கே இருந்தது டீ விற்கிற பாய் ஒருவர்தான், அறுபது வயது.

பத்து மணிக்கு முதல் வண்டி வந்தது. அப்புறம் டாடா ஏஸ், ஷேர் ஆட்டோ, பைக். அப்பாக்கள் அக்கா. இறங்கி நின்று பார்ப்பார்கள். எல்லாம் கட்டிய முகம், எது தன் பெண் என்று அவர்களுக்குத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் ஒரு மூடிச் சத்தம் நிற்கும். எழுந்து போவாள். இன்னொரு பெயர். இன்னொரு சத்தம் நிற்கும். ஒருவர் தன் பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். ஒரு அம்மா எங்கள் எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவந்திருந்தார், அதைக் கொடுத்துவிட்டுத் தன் பெண்ணைக் கூட்டிப்போனார்.

சங்கவியின் அப்பா கத்தவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போலீஸ்காரரிடம் பேசுவதற்காகக் கழற்றினார், மரியாதைக்கு. “ஐயா, எம் பொண்ணு தெரியாம ஒக்காந்துருச்சு” என்றார். அதைப் பார்த்ததும் சங்கவி தானாகவே எழுந்துவிட்டாள். போகும்போது முகத்துணியை அவிழ்த்தாள். அதுவரை நான்கு நாளும் கட்டியிருந்தாள், அப்போதுதான் அவிழ்த்தாள். டி.வி.க்காரர்கள் எல்லாம் போயிருந்தார்கள்.

மூன்று மணிக்கு ரோட்டில் இரண்டு பேர் இருந்தோம். ரோஸ்லினும் நானும். ரோஸ்லினுக்கு அப்பா இல்லை. என் வீட்டுக்கு யாரும் ஃபோன் செய்யவில்லை.

ரோஸ்லின் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருக்கலாம். “ஏட்டி, நீ போ. ஒனக்கு வெயிலு ஒத்துக்காது” என்றாள்.

சரி அக்கா, நீங்கள் அப்படிப் பார்த்தால் சொல்கிறேன். எட்டாவது தாளில் மூன்று வரி மிச்சம் இருந்தது. நூற்று ஐம்பத்தேழு பேர்தான் எழுதியிருந்தார்கள். எழுதியிருக்கலாம். எங்கள் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. அதுவும் ஒரு காரணம். அந்த மூன்று வரியிலும் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டேன், வேறு யாராவது பொய்ப் பெயர் சேர்த்துவிடக்கூடாது என்று. பாங்கில் அப்படித்தான் செய்வார்கள். அந்தக் கோடும் நேராகத்தான் இருந்தது.

ஹாஸ்டலைக் காலி செய்யப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஹெச்.ஆர். பிரசன்னா சார் கூப்பிட்டு அனுப்பினார். ஏ.சி. அறை. டேப்லட்டில் என் தாள்களைக் காட்டினார். தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், பச்சைக்கல் மோதிரம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது யாரு கையெழுத்துன்னு எனக்குத் தெரியும்மா. அவுட்பாஸ் நோட்ல பாத்துருக்கேன். நூத்தி அம்பத்தேழு பேர் இருக்கு, உன் பேர் மட்டும் இல்ல. ஏன்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“புரியுது. உன்ன மெரட்டி எழுத வெச்சுருக்காங்க. நீ போடல. நல்ல பொண்ணு.”

அவர் அப்படி நினைத்தால் நான் என்ன செய்வது? வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் ஒரு ஆள் வேண்டும், கையெழுத்து நன்றாக உள்ளவள் வேண்டும் என்றார். பழைய ட்ரெய்னி அட்டையையே திருப்பித் தந்து நாற்காலி கொடுத்தார்கள் அக்கா. ஒன்றரை வருஷம் நின்றிருக்கிறேன். உட்கார்ந்த முதல் நாள் யார் உள்ளே வந்தாலும் எழுந்து எழுந்து நின்றேன்.

உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்றுதான் நினைத்தேன். நிஜமாக. என் வேலை என்னவென்றால், போன பெண்களுக்கு ஒவ்வொரு பெயராகத் தாள் தயார் செய்வது. இங்கிலீஷில் ஒரு பக்கம். நான் இந்த வருஷம் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன், பயிற்சி முடிந்து என் விருப்பப்படி விலகிக்கொண்டேன், எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. அப்பாக்களே கூட்டிவந்து கையெழுத்துப் போடவைத்துப் போனார்கள். நூற்று ஐம்பத்தைந்து தாள் வந்துவிட்டது.

வராதது இரண்டு. ரோஸ்லின் தொழிலாளர் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டாள். ஒரு வக்கீல் அம்மா அவளுக்கு உதவுகிறார். நாளை காலை பத்து மணிக்கு அங்கே பேச்சுவார்த்தை. இன்னொன்று சங்கவி. அவள் அப்பாவிடம் கம்பெனி ஆள் தாளைக் கொண்டுபோனபோது, “எம் பொண்ண ரோட்ல ஒக்கார வெச்சவன் பேப்பரு எங்க வாசப்படி ஏறக்கூடாது” என்று கிழித்துப் போட்டுவிட்டாராம். செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்ற அதே மனுஷன்.

பிரசன்னா சார் என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். ரோஸ்லின் ஒருத்தி நின்றால் அது ஒரு ஆள் தகராறு, ஆனால் சங்கவி நின்றால் மூன்று டோக்கன் கதை வெளியே வரும், அப்புறம் கம்பெனிக்குத் தலைவலி என்றார். “நீ அவ ஃப்ரெண்டு. நீ போனா போடுவா. ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள வாங்கிட்டு வந்துரு.” கொஞ்ச நேரம் கழித்து, “உன் ட்ரெய்னிங்கூட அடுத்த மாசம் முடியுதுல்ல?” என்றார். பேனாவை மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கவியின் அப்பா கரும்பு லோடுக்குப் போய்விடுவார் என்று நான்தான் சாரிடம் சொன்னேன். சங்கவி எப்போதோ என்னிடம் சொன்னது.

அதனால் இன்று காலையில் போனேன். வீட்டு வாசலில் மரவள்ளிக்கிழங்கு குவித்து வைத்துத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மண், மாவு. என்னைப் பார்த்ததும், “அம்மா! டீச்சர் வந்துட்டா!” என்று கத்தினாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இளைத்துவிட்டாள். ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாம். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு வயது. “அவருக்கும் இது ரெண்டாவது டோக்கன்தான்” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அம்மா, “வாய மூடுடி” என்று ஒரு கிழங்கை எறிந்தார்கள்.

தாளை எடுத்தேன். எடுத்துவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். சங்கவி, இதனால் உனக்குப் பெரிய நஷ்டமில்லை, எப்படியும் நீ திரும்ப வரப்போவதில்லை, கல்யாணம் ஆகப்போகிறது, ஆனால் எனக்கு வேலை போனால் நானும் இப்படி வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவ வேண்டும். இதைச் சொல்வதில் ஒன்றும் தப்பில்லையே? கேட்டிருந்தால் அவள் போட்டுக்கூடக் கொடுத்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தாளைப் பார்த்துவிட்டாள்.

“கேஸுக்கா?” என்றாள். ரோஸ்லினுக்கு வக்கீல் அம்மா உதவுகிறார், திங்கட்கிழமை பேச்சுவார்த்தை என்று கம்பெனி ஆள் அப்பாவிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

நான் பேசவில்லை அக்கா.

“ரோஸ்லின் அக்கா குடுத்து உட்டுச்சா? நான் நெனச்சேன். என்ன மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்டி. ஆறு வாரம். தெனம் நெனப்பேன், யாராச்சும் வருவாங்க, என்னையும் சேத்துக்குவாங்கன்னு.” கையை நைட்டியில் துடைத்தாள். மறுபடி பார்த்து, போதாது என்று போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள், தாள் அழுக்காகிவிடக்கூடாது என்று. இங்கிலீஷில் இருந்தது. இரண்டு வரி விரலை வைத்துப் பார்த்தாள். “நீ படிச்சுட்டல்ல?”

தலையாட்டினேன். படித்தது நிஜம்தானே. அந்தத் தாளைத் தயார் செய்ததே நான்.

“அப்பன்னா சரி” என்று போட்டுவிட்டாள். இரண்டு இடத்தில். அழகாக, மெதுவாக, ஸ்கூல் பிள்ளைபோல.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே ஓடினாள். அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். மூன்று அட்டை. மூன்று டோக்கன். “இத வக்கீல் அம்மாகிட்ட குடுத்துரு டீச்சர். அப்பா பாத்தா எரிச்சுருவாரு. இதான் சாட்சி, இல்ல?” என்று என் கையில் வைத்து மூடினாள்.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. நன்றாக யோசித்துப் பாருங்கள். கேஸுக்கு என்று நான் சொல்லவே இல்லை. ரோஸ்லின் கொடுத்தாள் என்று சொல்லவே இல்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால்தானே பொய்? அவளாக நினைத்தாள், அவளாகப் போட்டாள், அவளாகக் கொடுத்தாள். அம்மா ஃபோனிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து என் நம்பரைப் பதிந்துகொண்டாள். அவள் அம்மா மோர் கொடுத்தார்கள், குடித்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பையை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதனால்தான் மடியில் வைத்திருக்கிறேன்.

கிழித்துப் போடு என்கிறீர்கள். எல்லோரும் சுலபமாகச் சொல்லலாம். கிழித்தால் நாளைக்குச் சாயங்காலம் என் பெட்டியைக் கட்ட வேண்டும். வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று இன்று காலை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். எனக்கும் ஒரு முப்பத்தாறு வயது பார்த்து வைத்திருப்பார்கள். கொடுத்தால்? கொடுத்தால் ரோஸ்லின் நாளைக்குத் தனியாக நிற்பாள். கம்பெனி வக்கீல் இந்தத் தாளை மேஜையில் வைப்பார். ரோஸ்லின் கையெழுத்தைப் பார்ப்பாள், சங்கவி கையெழுத்து அவளுக்குத் தெரியும். யார் போய் வாங்கியிருப்பார்கள் என்றும் தெரியும். அவள் அப்போதும் என்னைத் திட்ட மாட்டாள். அதுதான். திட்டிவிட்டால் பரவாயில்லை.

அட்டையை என்ன செய்வது? சாருக்கு இந்த அட்டைகள் இருப்பதே தெரியாது. தாளை அவருக்கும் அட்டையை ரோஸ்லினுக்கும் கொடுத்துவிடலாமா என்று திண்டிவனத்திலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். இரண்டு பக்கமும் சரியாகிவிடும் இல்லையா? ஆகாது. தெரியும். இது தன் விருப்பத்துடன் போட்ட கையெழுத்து என்று ஆகிவிட்டால் அட்டைக்கு மதிப்பில்லை என்று சார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை நான்தான் கேட்டேன். அவளே நேரில் நின்று, ஏமாற்றி வாங்கினார்கள் என்று சொன்னால் ஒழிய.

மேல்மருவத்தூர் தாண்டியாகிவிட்டதா? நான் கவனிக்கவே இல்லை.

இருங்கள் அக்கா. ஃபோன்.

சார் நம்பர் இல்லை. இது... சங்கவியின் அம்மா நம்பர்.

எடுக்கத்தான் வேண்டும். ஸ்பீக்கரில் போடுகிறேன், காற்றில் கேட்காது.

“டீச்சர்? நான்தான்டி. அம்மா ஃபோன்ல பேசறேன், அப்பா இன்னும் வரல. கேளு, நாளைக்கு எங்க வரணும், எத்தன மணிக்குன்னு கேக்கவே மறந்துட்டேன். நானும் வரேன். அம்மாவ சரி பண்ணிட்டேன், தாலிக்கயிறு வாங்கப் போறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் வந்துர்றோம். ரோஸ்லின் அக்கா தனியா நிக்கக்கூடாதுல்ல? எத்தன மணிக்குடி? ...ஹலோ? டீச்சர்? கேக்குதா? ஹலோ?”

...

“டவர் இல்லம்மா. கட் ஆயிடுச்சு போல.”

வைத்துவிட்டாள்.

பார்த்தீர்களா அக்கா. நான் சும்மா இருந்தேன், அவளாக டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். என் விஷயத்தில் எப்போதும் இப்படித்தான் ஆகிறது. நான் சும்மா இருப்பேன், மற்றவர்கள் நல்லதாக ஒன்று நினைத்துக்கொள்வார்கள். இனிமேல் அவள் அப்பா வந்துவிடுவார். அவளால் கூப்பிட முடியாது. நாளைக்கு வர மாட்டாள். எல்லாம் முடிந்துவிடும்.

ஐயோ, மறுபடி அடிக்கிறது.

அதே நம்பர்தான்.

வாய் வரவில்லை அக்கா. நான் பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் அவள் ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும். நீங்கள் எடுங்கள். உங்கள் குரல் அவளுக்குத் தெரியாது. யாரென்று கேட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட் என்று சொல்லுங்கள். காலை பத்து மணி. செங்கல்பட்டு தொழிலாளர் ஆபீஸ். முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம். அது மட்டும் சொன்னால் போதும். மற்றதை அவளே வந்து பார்த்துக்கொள்வாள்.

எடுங்கள் அக்கா, நின்றுவிடப் போகிறது. பச்சையை இப்படி இழுக்க வேண்டும்.